வீட்டு வாசலில் தகரம் அடித்தால் யாரைக் கேட்பது? கட்டாயத் தனிமையும் அரசியலமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் வக்கீலாக இருக்கிறேன். கொரோனா நாட்களில் கோர்ட் மூடிக் கிடந்தபோது போனில் ஓயாமல் வந்த கேள்விகள் இவை. ஊரடங்கு முடிந்து வருடங்கள் ஆன பிறகும் கட்சிக்காரர், சொந்தக்காரர், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர் என்று யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். கேரளாவில் நிபா என்று செய்தி வந்தால் அன்று மாலையே இரண்டு போன் வரும். அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"நோய் வந்துருச்சுன்னு ஒரு மனுசனை வீட்டுக்குள்ள அடைச்சு வெக்கறது அடிப்படை உரிமையைப் பறிக்கறதுதானுங்களே?"

பறிப்பதுதான். ஆனால் பறிப்பதெல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடாது.

இந்தியாவுக்குள் எங்கும் போய்வரும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 19-வது பிரிவு குடிமக்களுக்குத் தருகிறது. அதே பிரிவின் 5-வது உட்பிரிவு, பொதுமக்கள் நலனுக்காகச் சட்டம் மூலம் "நியாயமான" கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. ஊரெல்லாம் பரவும் நோயைத் தடுப்பது பொதுமக்கள் நலன் இல்லை என்று எந்த நீதிபதியும் சொல்லப் போவதில்லை. ஆகவே சண்டை "நியாயமான" என்ற அந்த ஒரு சொல்லின் மேல்தான்.

அடுத்தது 21-வது பிரிவு. இது குடிமக்களுக்கு மட்டுமல்ல, இந்த மண்ணில் நிற்கும் எவருக்கும் பொருந்தும். சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அதன் சாரம். ஏதோ ஒரு நடைமுறை இருந்தால் போதாது, அது நேர்மையானதாகவும் நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்று 1978-ல் மேனகா காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்தரங்க உரிமையும் இதற்குள்தான் வருகிறது என்றார்கள். உரிமையில் கை வைத்தால் தேவைக்கு மேல் வைக்கக் கூடாது என்ற அளவுகோலும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நம் பாஷையில் சொன்னால், எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தாதே.

என் கருத்து இது: தனிமைப்படுத்தும் அதிகாரம் அரசுக்கு உண்டு, இருக்கவும் வேண்டும். அரசு வழுக்குவது அதைச் செய்யும் விதத்தில். உத்தரவு எங்கே, எத்தனை நாள், யார் கையெழுத்து, உள்ளே இருப்பவருக்குச் சோறு யார் தருவது? இவற்றுக்குப் பதில் இல்லாத இடத்தில்தான் உரிமை மீறல் தொடங்குகிறது.

"குவாரண்டைன், ஐசொலேஷன், ரெண்டும் ஒண்ணுதானே?"

தமிழில் இரண்டையும் "தனிமைப்படுத்தல்" என்றே எழுதிவிட்டதால் வந்த குழப்பம். நோய் உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஐசொலேஷன். தொற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில், நோய் இல்லாதவராகவும் இருக்கக்கூடிய ஒருவரை வைப்பது குவாரண்டைன். வெனிஸ்காரர்கள் கப்பலை 40 நாள் துறைமுகத்துக்கு வெளியே நிறுத்திய பழக்கத்திலிருந்து வந்த சொல் அது. ஏட்ரியாட்டிக் கடற்கரையில் உள்ள ரகுசா நகரம் 1377-லேயே 30 நாள் விதி வைத்திருந்தது.

சட்டத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம். இரண்டாவது வகையில் பூட்டப்படுபவர் முழு ஆரோக்கியமாக இருக்கலாம். அவருடைய சுதந்திரத்தில் கை வைக்க அரசு கூடுதலாகவே காரணம் காட்ட வேண்டும்.

"எந்தச் சட்டத்துல இதுக்கு அதிகாரம் குடுத்திருக்காங்க?"

மூன்று சட்டங்கள் இருக்கின்றன.

மூத்தது 1897-ம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டம். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது, அடுத்த பிப்ரவரி 4-ம் தேதியே அவசர அவசரமாகச் சட்டம் வந்துவிட்டது. இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும் அளவுதான். இருக்கிற சட்டங்கள் போதாது என்று மாநில அரசு நினைத்தால் "தேவையென்று கருதும்" நடவடிக்கை எதையும் எடுக்கலாம். பயணிகளைச் சோதிக்கலாம், தொற்றியதாகச் சந்தேகப்படுபவர்களை ஆஸ்பத்திரியிலோ வேறு இடத்திலோ பிரித்து வைக்கலாம். மீறினால் தண்டனை உண்டு. அதிகாரி நல்லெண்ணத்தோடு செய்ததற்கு அவர்மேல் வழக்கு கிடையாது. பிரித்து வைக்கப்பட்ட மனிதன் என்ன செய்யலாம், யாரிடம் முறையிடலாம் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அது வெள்ளைக்காரன் குடிமக்களுக்காக எழுதிய சட்டம் அல்ல, "நேட்டிவ்"களை அடக்க எழுதிய சட்டம். அந்த வருடமே புனேயில் பிளேக் சோதனை என்று சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள், சாமான்களை வெளியே வீசினார்கள், பெண்களைச் சோதித்தார்கள். ஜூன் 22 இரவு பிளேக் அதிகாரி ராண்டை சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். கொள்ளை நோய்ச் சட்டத்தை மனிதத்தன்மை இல்லாமல் அமல்படுத்தினால் எங்கே போய் முடியும் என்பதற்கு நம் நாட்டில் முதல் பாடம் அது.

இரண்டாவது, நம் மாநிலத்தின் 1939-ம் ஆண்டு பொது சுகாதாரச் சட்டம். இதை நம்மூரில் யாரும் பேசுவதில்லை, ஆனால் மூன்றில் கொஞ்சம் பக்குவமானது இதுதான். நோயாளிக்குத் தனி இடவசதி இல்லை, பல குடும்பங்கள் இருக்கும் வீட்டில் படுத்திருக்கிறார், அக்கம்பக்கத்துக்கு ஆபத்து என்றெல்லாம் காரணம் இருந்தால் சுகாதார அதிகாரி அவரை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாம். அதாவது, வீட்டிலேயே ஒழுங்காகத் தனியாக இருக்க முடிகிறவரை இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை என்ற எண்ணம் உள்ளுக்குள் இருக்கிறது.

மூன்றாவது, 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். சுனாமிக்குப் பிறகு வந்தது. 2020 மார்ச் 24-ம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு அறிவித்தது இதன் கீழ்தான். புயலுக்கும் பூகம்பத்துக்கும் தைத்த சட்டையைக் கிருமிக்கு மாட்டிவிட்டார்கள். அங்கங்கே பிடிக்கத்தானே செய்யும்?

1897 சட்டத்தை அடியோடு திருத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 2024-ல் தன் 286-வது அறிக்கையில் சொல்லியிருக்கிறது. குவாரண்டைன், ஐசொலேஷன் இரண்டையும் தனித்தனியாக வரையறுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

"எங்க வீட்டுக்குத் தகரம் அடிச்சாங்க. பேப்பர் ஒண்ணும் குடுக்கலை. கேக்கறதுக்கு உரிமை உண்டா?"

தாராளமாக உண்டு. இதில் எனக்கே அனுபவம் இருக்கிறது.

2021 மே மாதம் வீட்டில் ஒருவருக்குப் பாசிட்டிவ். மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது வெளியே சுத்தியல் சத்தம். நாலு பேர், கையில் சவுக்குக் கொம்பும் பழைய தகரமும். கேட்டுக்கு குறுக்கே கொம்பு கட்டி, தகரத்தை ஆணி வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். "உத்தரவு இருக்குங்களா?" என்றேன். "மேலிடத்துல சொல்லிட்டாங்க சார்" என்றார் ஒருவர். எத்தனை நாள் என்றேன். "பதினாலு... அப்புறம் பாத்துக்கலாம்." அந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதுதான் 21-வது பிரிவுக்கு நேர் எதிரான வாக்கியம். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தினக்கூலிக்கு வந்தவர், முகத்தில் துணி மாஸ்க் நனைந்து ஒட்டியிருந்தது. பாட்டி உள்ளிருந்து அவருக்கு மோர் கொண்டுவந்து, கொடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் சொம்போடு நின்றாள்.

சரி, சட்டம் என்ன? எந்த உத்தரவின் கீழ், எந்தத் தேதி வரை என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ரகசிய உத்தரவை எதிர்த்து யாரும் வழக்குப் போட முடியாது, ஆகவே உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது காஷ்மீரில் இன்டர்நெட்டை முடக்கியதும் 144 தடை போட்டதும் பற்றிய வழக்கு. ஆனாலும் நியாயம் இங்கேயும் அதேதான்.

தகரம் வேறு விஷயம். ஒருவரை வெளியே வராதே என்று சொல்வது தனிமைப்படுத்தல். தீப்பிடித்தால்கூட ஓட முடியாதபடி வாசலை அடைப்பது வேறு. 2020 ஜூலையில் பெங்களூரில் ஒரு அடுக்குமாடியில் வீட்டுக் கதவுகளையே தகரத்தால் மூடிவிட்டு, படம் பரவியதும் மாநகராட்சி ஆணையரே மன்னிப்புக் கேட்டுப் பிரிக்கச் சொன்னார். வீட்டில் கர்ப்பிணியோ, மூச்சுத்திணறும் முதியவரோ இருந்தால் தகரத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

"போலீஸ் புடிச்சா 24 மணி நேரத்துல மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணுமே. முகாம்ல 14 நாள் வெச்சாங்களே, அது எப்படி?"

கேட்டவர் ஒரு காலேஜ் மாணவி. நல்ல கேள்வி.

24 மணி நேர விதி 22-வது பிரிவில் இருக்கிறது. அது எந்தக் கைதுக்குப் பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 1952-லேயே அஜைப் சிங் வழக்கில் பேசிவிட்டது. அந்த வழக்குக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. பிரிவினைக் கலவரத்தில் கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் போலீஸ் மீட்டு முகாமில் வைத்தது. அது "கைது" ஆகுமா என்பது கேள்வி. ஆகாது என்றது நீதிமன்றம். குற்றம் செய்தார், அல்லது அதற்கு நிகரான ஒன்றைச் செய்தார் என்ற குற்றச்சாட்டில் பிடிப்பதுதான் 22-வது பிரிவு சொல்லும் கைது. அந்த வாதத்தை நீட்டினால் குவாரண்டைன் முகாமும் கைது இல்லை. நீங்கள் குற்றவாளி அல்ல, தொற்று இருக்கலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனியுங்கள். திருடனுக்கு 24 மணி நேரத்தில் ஒரு நீதிபதியின் முகத்தைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. ஒரு குற்றமும் செய்யாமல் கல்யாணத்துக்குப் போய்வந்தவருக்கு அது இல்லை. அவருக்கு மிஞ்சுவது 21-வது பிரிவு ஒன்றுதான். ஆகவே புதிய சட்டம் எழுதுவதாக இருந்தால், முகாமில் வைக்கப்படுபவர் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு சுயேச்சையான அதிகாரியிடம் முறையிடும் வழி அதில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

"ஊரடங்குங்கறதே எமர்ஜென்சி மாதிரிதானே? அப்ப உரிமையெல்லாம் நின்னு போயிருமில்ல?"

இல்லவே இல்லை. இதைச் சொன்னது வேறு எங்கும் அல்ல, நம் மாநிலத்து வழக்கில்தான்.

மதுரை மாவட்டம், சமயநல்லூர் போலீஸ் வழக்கு ஒன்று. குறித்த நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை. அப்படி ஆனால் உள்ளே இருப்பவர் ஜாமீன் கேட்டு வெளியே வரலாம், அது சட்டம் தந்த உரிமை. ஆனால் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, ஊரடங்கை எமர்ஜென்சிக்கு ஒப்பிட்டு, ஜாமீனை மறுத்தார். 2020 ஜூன் 19-ம் தேதி, எஸ். காசி வழக்கு என்று அறியப்படும் அந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஊரடங்கு எமர்ஜென்சி ஆகாது, போலீஸ் தாமதத்துக்குக் கொரோனா சாக்கு ஆகாது என்றது. உண்மையான எமர்ஜென்சி வந்தாலும் 20, 21 பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்பது 1978-ல் வந்த 44-வது திருத்தத்தின் வேலை. 1975-ல் பட்ட அடியின் தழும்பு அது.

அதே வருடம் அக்டோபர் 1-ல் இன்னொரு தீர்ப்பு. குஜராத் அரசு கொரோனாவைச் சாக்கிட்டு ஆலைத் தொழிலாளர்களுக்கு வேலை நேரத்தைக் கூட்டி, ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம் என்று அறிவித்தது. பெருந்தொற்று தொழிற்சாலைகள் சட்டம் சொல்லும் "பொது அவசரநிலை" ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மில்லில் வேலை பார்ப்பவர்களுக்கு இதை நான் தவறாமல் சொல்வேன்.

"மலையில எங்க ஊருக்காரங்களே மரத்தை வெட்டிப் போட்டு ரோட்டை அடைச்சாங்க. வெளியாள் வரக்கூடாதுன்னு. அது சட்டப்படி சரியா?"

ஏற்காட்டுப் பக்கம் இருந்து வந்த கேள்வி. அங்கே பேருந்து நிற்கும் இடத்திலிருந்து இன்னும் உள்ளே, சேர்வராயன் மலைச் சரிவுகளில் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மலையாளிப் பழங்குடிகளின் ஊர்கள் இருக்கின்றன. (கேரளத்து மலையாளி அல்ல. மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். வெளியூர்க்காரர்கள் ஒவ்வொரு தடவையும் குழம்புகிறார்கள்.) பக்கத்தில் ஆஸ்பத்திரி என்றால் மலை இறங்க வேண்டும். ஒரு கேஸ் வந்தால் மொத்த ஊரும் மாட்டிக்கொள்ளும் என்ற பயம் நியாயமான பயம்.

ஆனால் சட்டப்படி பார்த்தால், கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரம் அரசுக்கு, அதுவும் சட்டத்தின் மூலம். ஊர்க்கூட்டத்துக்கு இல்லை. வழியில் ஒருவரை மறித்து நிறுத்துவது குற்றம். கொரோனா காலத்தில் இந்திய தண்டனைச் சட்டம் 341, இப்போது பாரதிய நியாய சம்ஹிதா 126. ஆம்புலன்ஸும் அந்த மரத்துக்கு முன்னால் நின்றுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். முதல் கேள்வியில் சொன்ன 19-வது பிரிவின் 5-வது உட்பிரிவில் "பொதுமக்கள் நலன்" என்பதோடு "பழங்குடியினரின் நலனைக் காக்க" என்ற சொற்களும் இருக்கின்றன. வெளியாட்கள் மலைக்குள் வருவதைப் பழங்குடியினர் நலனுக்காக அரசு கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பை எழுதியவர்களே வாசல் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆகவே அந்த ஊர்க்காரர்கள் மரத்தை வெட்டியதற்குப் பதில் கலெக்டரிடம் மனு கொடுத்திருந்தால், அவர்கள் பக்கம் சட்டம் பலமாகவே நின்றிருக்கும். இதைச் சொன்னபோது கேட்டவர் சிரித்தார். "மனு குடுக்கக் கீழே எறங்கணுமேங்க, செக்போஸ்ட்ல விடமாட்டாங்களே."

"ஏற்காடு போக இ-பாஸ் கேட்டாங்களே, எந்த நியாயத்துல?"

2020 செப்டம்பர் முதல் மாநிலத்துக்குள் இ-பாஸ் வேண்டாம் என்று ஆனது. ஆனால் நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு மாதிரி மலைவாசஸ்தலங்களுக்கு வெளியூர்க்காரர்கள் வர கலெக்டரின் இ-பாஸ் தொடர்ந்தது. சேலம் அடிவாரத்தில் நின்று 20 கொண்டை ஊசி வளைவுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் எனக்கு நினைவிருக்கிறது. இது நியாயமான கட்டுப்பாடுதான் என்பேன். மலையில் படுக்கைகள் குறைவு. சுற்றிப் பார்ப்பது தள்ளிப் போடக்கூடிய காரியம். மலையிலிருந்து காப்பியையும் மிளகையும் கொண்டு இறங்குபவருக்கும் அதே கெடுபிடி காட்டினால்தான் அது அநியாயம்.

"சேலத்துல மூணு நாள் முழுசா அடைச்சாங்களே, அது அளவுக்கு மீறினது இல்லையா?"

2020 ஏப்ரல் 26 முதல் 28 வரை சேலம், திருப்பூர் மாநகராட்சிகளில் முழு ஊரடங்கு. மூன்று நாள் என்பது பெரிய தவறு இல்லை. 24-ம் தேதி அறிவித்துவிட்டு மறுநாள் ஒரே பொழுதை விட்டதுதான் தவறு. எங்கள் தெரு மளிகைக்கடையில் அன்று நின்ற கூட்டத்தை நான் தீபாவளிக்கு முந்தின நாள்கூடப் பார்த்ததில்லை. சுண்ணாம்பில் போட்ட வட்டம் தரையில் அப்படியே கிடக்க, அதன்மேல் நாலு பேர் நின்றார்கள். நோயைத் தடுக்கப் போட்ட உத்தரவே நோயைப் பரப்பினால், அளவுகோலில் அது தேறாது.

"குற்றமே செய்யாம உள்ள உக்காந்தேன். 14 நாள் கூலி போச்சு. யார் குடுப்பா?"

இது கொலுசுப் பட்டறையில் பொடி வைத்து ஊதும், அதாவது வெள்ளியைப் பற்றவைக்கும் ஒருவர் கேட்டது. செவ்வாய்ப்பேட்டையிலும் பள்ளப்பட்டியிலும் இப்படி எத்தனையோ பேர். எடைக்குக் கூலி. ஊதினால் காசு, இல்லாவிட்டால் இல்லை.

1897 சட்டத்தில் இழப்பீடு என்ற சொல் இருக்கிறது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. செலவுகளை, "இழப்பீடு ஏதேனும் இருந்தால் அது உட்பட", யார் எப்படி ஏற்பது என்று மாநில அரசு தீர்மானிக்கலாம் என்று எழுதியிருக்கிறது. அந்த "இருந்தால்" என்ற சொல்லில் அத்தனை கூலிக்காரர் வயிறும் தொங்குகிறது. கேட்டு வாங்கும் உரிமையாக அது எழுதப்படவில்லை.

2020 மார்ச் 29-ல் மத்திய அரசு எல்லா முதலாளிகளும் முழுச் சம்பளம் தர வேண்டும் என்றது, மே மாதம் அந்த உத்தரவு போய்விட்டது. முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பட்டறை முதலாளியோடு பொடி ஊதுபவர் என்ன பேசித் தீர்க்க முடியும்?

பேரிடர் சட்டத்தின் 12-வது பிரிவு மட்டும் கொஞ்சம் உதவும். பாதிக்கப்பட்டவர்களுக்கு உணவு, குடிநீர், இருப்பிடம், மருத்துவம், கருணைத்தொகை ஆகியவற்றுக்குக் குறைந்தபட்ச அளவுகோல் வகுக்க வேண்டும் என்கிறது. வகுத்தாலும் வகுக்கலாம் என்பது அல்ல, வகுத்தே ஆக வேண்டும் என்று 2021 ஜூன் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் வந்தது அந்தத் தீர்ப்பால்தான். உயிரோடு பூட்டப்பட்டவருக்கு அப்படி ஒன்று வரவில்லை. என்னைக் கேட்டால், ஊருக்காக ஒருவரை உட்கார வைக்கும்போது அவருடைய கூலியை ஊர் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தால் பாதிப் பேர் தகரம் இல்லாமலே உள்ளே இருந்திருப்பார்கள், டெஸ்ட்டுக்கும் ஒளியாமல் வந்திருப்பார்கள்.

"வீட்டுல ஸ்டிக்கர் ஒட்டிட்டாங்க. தெருவே எங்களை ஒதுக்கிருச்சு. இது சரியா?"

2020 டிசம்பர் 9-ம் தேதி உச்ச நீதிமன்றம், பேரிடர் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழியக் கொரோனா நோயாளி வீட்டில் நோட்டீஸ் ஒட்டக் கூடாது என்றது. மத்திய அரசும் நாங்கள் அப்படி ஒட்டச் சொல்லவே இல்லை என்று கோர்ட்டில் சொல்லிவிட்டது. அதுவரை ஊர் ஊராக ஒட்டியது யார் சொல்லி என்று கேட்காதீர்கள். கர்நாடகம் 2020 மார்ச்சில் பெங்களூரில் தனிமையில் இருப்பவர்களின் முகவரியையே இணையத்தில் போட்டது. புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு அதற்கெல்லாம் நியாயம் சொல்வது கஷ்டம்.

இதைப் பற்றி எங்கள் பாட்டியிடம் பேசினால் அவள் வேறொன்று சொல்வாள். "அந்தக் காலத்துல அம்மை போட்டா நாங்களே வேப்பிலை சொருகுவோமே." உண்மைதான். கோட்டை மாரியம்மன் ஊரில் இது யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குச் சின்ன வயதில் அம்மை போட்டபோது நிலைப்படியில் வேப்பங்கொத்து தொங்கியது. தபால்காரர் படியில் கடிதத்தை வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார். பால்காரர் சொம்பைத் தொடாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை வெளியாள் யாரும் உள்ளே வரவில்லை, நாங்களும் ஒரு விசேஷத்துக்கும் போகவில்லை. அதுவும் குவாரண்டைன்தான், கால வரையறையோடு. ஆனால் அந்த வேப்பிலையை வீட்டுக்காரரே செருகினார். அதைப் பார்த்தவர்கள் "அம்மா வந்திருக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டிக்கரைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள்.

"தடுப்பூசி போட்டே ஆகணும்னு கட்டாயப்படுத்தலாமா?"

முடியாது. 2022 மே 2-ம் தேதி ஜேக்கப் புளியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உடல் மீதான உரிமை 21-வது பிரிவுக்குள் வரும், யாரையும் வற்புறுத்தி ஊசி போடக் கூடாது. ஊசி போடாதவர்களுக்குக் கட்டுப்பாடு விதிப்பதாக இருந்தால் அது அளவோடு இருக்க வேண்டும்.

"கோயிலை மூடினது மத உரிமைக்கு எதிரானது இல்லையா?"

மத உரிமை தரும் 25-வது பிரிவைத் திறந்தால் முதல் வரியிலேயே பொது ஒழுங்கு, ஒழுக்கம், "சுகாதாரம்" ஆகியவற்றுக்கு உட்பட்டு என்று வருகிறது. ஆடிப் பண்டிகை இல்லாத ஆடியைச் சேலம் பார்த்தது வருத்தம்தான், மீறல் இல்லை. டாஸ்மாக் திறந்திருக்கக் கோயில் மூடியிருந்ததே என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி 14-வது பிரிவின் சமத்துவத்தைத் தொடுகிறது, நியாயமாகவே தொடுகிறது.

"மீறி வெளிய போனா என்ன தண்டனை?"

அப்போது தண்டனைச் சட்டம் 188, 269, 270, 271. இப்போது நியாய சம்ஹிதாவில் 223, 271, 272, 273. தெரிந்தே நோயைப் பரப்பினால் இரண்டு வருடம் வரை, கவனக்குறைவு என்றால் ஆறு மாதம் வரை. பேரிடர் சட்டத்தில் ஒரு வருடம், உயிர் போனால் இரண்டு வருடம். தமிழகத்தில் 2020 செப்டம்பரில் தனிமையை மீறினால் 500 ரூபாய் அபராதம் என்றும் வந்தது.

188-ல் ஒரு ஓட்டை உண்டு. உத்தரவு போட்ட அதிகாரி எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் தராமல் அந்த வழக்கு நிற்காது. போலீஸ் தானாக எப்.ஐ.ஆர். போட்டால் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருந்தது. இருந்தும் லட்சக்கணக்கில் போட்டார்கள். 2021 பிப்ரவரியில், அப்போது முதல்வராக இருந்த நம்மூர் எடப்பாடி பழனிசாமி, சுமார் பத்து லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக அறிவித்தார். வண்டியைப் பிடுங்கிக்கொண்டதால் வேலைக்குப் போக முடியாமல் நின்றவர்களுக்கு அந்த அறிவிப்பால் ஆனது ஒன்றுமில்லை.

"தனிமைப்படுத்தினது தப்புன்னு எங்கயாவது கோர்ட் சொல்லியிருக்குதா?"

சொல்லியிருக்கிறது. 1900-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிளேக் என்று சொல்லி சீனர்கள் வாழ்ந்த 12 தெருக்கட்டங்களைக் கயிறு கட்டி அடைத்தார்கள். அதே வரிசையில் இருந்த வெள்ளைக்காரர் வீடுகளை மட்டும் விட்டு வளைத்துக் கட்டினார்கள். ஒரு சீன வணிகர் வழக்குப் போட்டார். இது நோய்க்குப் போட்ட கயிறு அல்ல, இனத்துக்குப் போட்ட கயிறு என்று நீதிமன்றம் ரத்து செய்தது. ஆயிரக்கணக்கானவர்களை ஒன்றாக அடைத்தால் நோய் கூடத்தான் செய்யும் என்றும் சொன்னது. நம் ஊரில் எந்தத் தெருவுக்குத் தகரம் வேகமாக வந்தது, எந்தத் தெருவுக்கு போனில் விசாரிப்பு மட்டும் வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தியாவில் கதை அவ்வளவு நன்றாக இல்லை. 1989-ல் கோவாவில் ஓர் இளைஞர் ரத்த தானம் செய்யப் போய், எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, போலீஸ் வந்து அழைத்துப் போய் பழைய காசநோய் ஆஸ்பத்திரி ஒன்றில் 64 நாள் தனியாக அடைத்தார்கள். கோவாவின் சட்டம் அப்படி இருந்தது. அவருடைய தாய் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தனி மனிதன் உரிமையை விடப் பொது நலன் பெரிது என்று நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் சரி என்றது. தொட்டால் பரவாத நோய்க்குப் பூட்டு! அந்தத் தீர்ப்பின் தவறைச் சட்டமே ஒப்புக்கொள்ள 2017 வரை ஆயிற்று. எச்.ஐ.வி. உள்ளவரைப் பிரித்து ஒதுக்கி வைக்கக் கூடாது என்று அந்த வருடம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. ஒரு நோய் எப்படிப் பரவுகிறது என்று தெரியாத நிலையில் அரசு பூட்டினால் மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் பூட்டினால் அது வெறும் பயம். 2022 ஜனவரியில் வீட்டுத் தனிமை 7 நாள் என்று மத்திய அரசு மாற்றிய பிறகும் "14 நாள்தான்" என்று பிடித்த இடங்களை நான் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

"சரிங்க, நாளைக்கே மறுபடி இப்படி வந்தா எங்க போறது?"

முதலில் உத்தரவின் நகலைக் கேளுங்கள், தரவில்லை என்றால் வந்தவர் பெயர், நேரம், சொன்ன நாள் கணக்கு ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, வாசலை போட்டோ எடுத்து வையுங்கள். கலெக்டருக்கும் ஆணையருக்கும் இமெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ புகார் அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும் அனுப்பிய தேதி பின்னால் உதவும். தகரத்தைப் பிடுங்கி எறியாதீர்கள், வந்த பணியாளரிடம் கை ஓங்காதீர்கள். சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் கொள்ளை நோய்ச் சட்டத்தின் 2020 திருத்தப்படி மூன்று மாதம் முதல் ஐந்து வருடம் வரை சிறை.

அப்புறம் உயர் நீதிமன்றம். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் ரிட் மனு, அதாவது அரசின் செயலை எதிர்த்து நேராக அங்கேயே போடும் மனு. சேலம், சென்னை அமர்வின் கீழ் வருகிறது, மதுரை இல்லை. செலவுக்கு பயப்பட வேண்டாம். சேலம் கோர்ட் வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், ஏற்காட்டு மலையாளிகள் எல்லாருக்கும் இது பொருந்தும். மலை இறங்க விடவில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்கு போன் போடுங்கள். அதற்கு இ-பாஸ் தேவையில்லை.